தேங்காய் எண்ணெயும் ஆணுறையும் சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பத்ய உறவின்போது வறட்சி, எரிச்சல், வலி என்று எழுதிக் கேட்கும் பெண்களுக்குப் பத்திரிகைகளின் மருத்துவப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வருகிறது. 'கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்' என்பார்கள்; இல்லையென்றால் 'மருந்துக்கடையில் வழவழப்புக்கான ஜெல் கிடைக்கும்' என்பார்கள். ஆணுறை பயன்படுத்தும் தம்பதிக்கு முதல் பதில் ஆபத்தானது. இரண்டாவது, பாதி பதில். எந்த ஜெல் என்று சொல்லாமல் விட்டால், கூட்டத்துக்கு நடுவே கூச்சத்தோடு நிற்பவர் கடைக்காரர் எடுத்து வைப்பதை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியேறிவிடுவார். எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு தடவுவது, எதைத் தொடவே கூடாது என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் எண்ணெய். கடைகளில் கிடைக்கும் ஆணுறைகள் அநேகமாக எல்லாமே ரப்பர் பாலில் செய்யப்பட்ட லேட்டக்ஸ். எண்ணெய் பட்டதும் ரப்பர் அதை உறிஞ்சி உப்பும். உள்ளே பின்னிக் கிடக்கும் இழைகள் தளர்ந்துவிடும். கிரீஸ் பட்ட ரப்பர் வாஷர் ஊதிப் பெருத்து, மெத்தென்றாகி, விரலால் இழுத்தால் பிய்ந்து வருவதை மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்கள். வாஷருக்காவது பருமன் உண்டு. ஆணுறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், மினரல் ஆயில் (பேபி ஆயிலில் இருப்பது) பட்ட லேட்டக்ஸ் ஆணுறை 60 விநாடிகளிலேயே தன் வலிமையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இழந்தது. சந்தேகம் இருப்பவர்கள் இரண்டு ஆணுறைகளைப் பலூன்போல ஊதிக் கட்டிவிட்டு, ஒன்றின்மேல் பேபி ஆயிலும் இன்னொன்றின்மேல் தண்ணீர் சார்ந்த ஜெல்லும் தேய்த்துப் பார்க்கலாம். எண்ணெய் தடவியது சில நிமிடங்களில் வெடித்துவிடும். உறவின்போது அப்படிச் சத்தம் போட்டு எச்சரிக்காது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் போதும், கர்ப்பத்துக்கும் கிருமிக்கும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், வாசலின், கோல்டு கிரீம், பாடி லோஷன் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பலர் கவனிக்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கக் கொடுக்கும் சில மருந்துக் கிரீம்களும் மாத்திரைகளும் எண்ணெய்ப் பசை உள்ளவை. அவற்றைப் பயன்படுத்தும் நாட்களிலும் அதற்குப் பிறகு சில நாட்களுக்கும் ஆணுறையை நம்ப முடியாது. எத்தனை நாள் என்பது மருந்தோடு வரும் துண்டுச்சீட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் தூக்கி எறிய வேண்டாம்.

ஆணுறையே வேண்டாத தம்பதிக்கு, அதாவது கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மாதவிடாய் நின்றவர்கள் போன்றோருக்கு, சுத்தமான தேங்காய் எண்ணெய் விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளிப்புறத்தில் தடவ இதமாகவே இருக்கும். ஆனால் குளியலறையில் எல்லோரும் விரல்விட்டு எடுக்கும் தலைக்கு வைக்கும் பாட்டில் ஆகாது. மல்லிகை வாசனையும் கற்பூரமும் சேர்த்த கூந்தல் எண்ணெய் அதைவிட மோசம், பட்ட இடம் பற்றி எரியும். உள்ளே போன எண்ணெய் தண்ணீரில் கழுவிப் போகாது, தங்கிவிடும். 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாசலினை உள்ளே தடவிய பெண்களுக்கு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் பாக்டீரியாத் தொற்று காணப்பட்டது. எண்ணெய் தடவியவர்களிடம் பூஞ்சை கூடுதலாக இருந்தது. அடிக்கடி வெள்ளைப்படும் பெண்கள், சர்க்கரை நோய் உள்ள பெண்கள், எண்ணெயை விட்டுவிடுவதே நல்லது.

இனி ஜெல். கடைகளில் அதிகம் இருப்பது தண்ணீர் சார்ந்தது. தண்ணீர், அதைக் கெட்டிப்படுத்தும் ஒரு பொருள், ஈரம் போகாமல் பிடித்துவைக்க கிளிசரின் அல்லது புரோபிலீன் கிளைக்கால், கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பதப்படுத்தி, இவ்வளவுதான் உள்ளே. கெட்டிப்படுத்துவது பெரும்பாலும் ஹைட்ராக்சி எத்தில் செல்லுலோஸ். சிலவற்றில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். நம் ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கிறார்களே, அந்தப் பாசியிலிருந்து எடுப்பதுதான். இவை இரண்டாலும் தொல்லை வருவது அபூர்வம். தொல்லை கிளிசரினும் கிளைக்காலும் அளவு மீறும்போது வருகிறது.

மாவடு ஊறுகாய் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உருண்டையாக இருந்த வடுவில் உப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும், வடு சுருங்கியிருக்கும். வெளியே செறிவு கூடினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும் என்பதே இதன் கணக்கு. செறிவு மிகுந்த ஜெல்லும் யோனிச் சுவரின் மேலடுக்குச் செல்களை இதேபோல் சுருக்கி உரியச் செய்கிறது. தடவியவுடன் வழவழப்பாக இருக்கும், நீர் இழுபடுவதால் ஈரமாகவும் தோன்றும். மறுநாள் காலையில் சிறுநீர் போகும்போது எரியும். மேலடுக்கு உரிந்த இடத்தில் கிருமி நுழைவதும் எளிது.

இந்தச் செறிவை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவால் குறிப்பார்கள். நம் ரத்தத்தில் அது கிலோவுக்கு 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண உப்புக் கரைசலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தோடு சேர்ந்து 2012-ல் வெளியிட்ட அறிவுரையில், ஜெல்லின் அளவு 380-ஐத் தாண்டாமல் இருப்பதே சரி என்றது. அப்படிப்பட்டது சந்தையில் குறைவு என்பதால் இப்போதைக்கு 1,200 வரை ஏற்கலாம் என்றும் சொன்னது. அந்த வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் கிளிசரின் 9.9 சதவீதத்தையோ, புரோபிலீன் கிளைக்கால் 8.3 சதவீதத்தையோ தாண்டக் கூடாது. சந்தையில் 2,000-ஐத் தாண்டியவை ஏராளம். 6,000-ஐத் தாண்டியவையும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், இந்த எண்ணை அட்டையில் அச்சிடுவோர் மிகக் குறைவு. எண் இல்லாதபோது பொருட்களின் வரிசையைப் பாருங்கள். அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை என்ற முறையில்தான் பொதுவாக எழுதுவார்கள். தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே கிளிசரினோ புரோபிலீன் கிளைக்காலோ இருந்தால், அல்லது இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், செறிவு கூடியது என்றே வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு அடுத்து செல்லுலோஸ் வந்து, கிளிசரின் கடைசிப் பக்கம் இருந்தாலோ இல்லாமலே போனாலோ அதை எடுங்கள். 'கிளிசரின் இல்லை' என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே புரோபிலீன் கிளைக்காலை நிறைத்தவையும் உண்டு. எனவே முன்பக்கத்து எழுத்தைவிடப் பின்பக்கத்துப் பொடி எழுத்து முக்கியம்.

அடுத்து அமிலத்தன்மை. இதைப் பி.எச். என்ற எண்ணால் குறிப்பார்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். மாதவிடாய் வரும் வயதில் யோனியின் பி.எச். 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து இந்தப் புளிப்பைக் காக்கின்றன. மற்ற கிருமிகள் பெருகாமல் இருப்பது இதனால்தான். உறவுக்குத் தேவையான ஜெல் 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அட்டையில் போடவில்லையென்றால் பி.எச். பட்டை வாங்கி நீங்களே பார்க்கலாம். பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். பட்டாணி அளவு ஜெல்லைப் பட்டையில் தடவி, ஒரு நிமிடம் கழித்து நிறத்தைப் பட்டையோடு வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டால் போதும். லிட்மஸ் காகிதம் அமிலமா காரமா என்று மட்டும்தான் சொல்லும், அளவைச் சொல்லாது.

பதப்படுத்திகளைப் பற்றித் தேவைக்கு மேல் பயம் பரவியிருக்கிறது. தண்ணீர் உள்ள எந்தப் பொருளும் பதப்படுத்தி இல்லாமல் ட்யூபில் மாதக்கணக்கில் இருந்தால் கிருமி வளரும். ஒவ்வாமை இல்லாதவர்கள் பாரபென் என்ற பெயரைப் பார்த்ததும் மிரள வேண்டியதில்லை. குளோர்ஹெக்சிடின் வேறு விஷயம். அது கிருமிநாசினி; நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே கொல்லும். சிறுநீர் வெளியேற்றும் குழாயை (கதீட்டர்) செருக வைத்திருக்கும் சில மருத்துவ ஜெல்களில் அது உண்டு. அடிக்கடி பயன்படுத்த அவை ஏற்றவையல்ல. நோனாக்சினால்-9 என்ற விந்துக்கொல்லி சேர்த்த எதையும் வாங்காதீர்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் பாலியல் தொழிலாளர்களிடம் அதைச் சோதித்தபோது, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று கூடியதே தவிரக் குறையவில்லை. யோனிச் சுவரை அது புண்ணாக்குகிறது.

மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லியை 'வலிக்காது' என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். வலி என்பது நிறுத்து என்று உடம்பு சொல்வது. அந்தக் குரலை அமுக்கிவிட்டுத் தொடர்ந்தால் சிராய்ப்பும் கிழிசலும் ஏற்பட்ட பிறகுதான் தெரியவரும். கணவருக்கும் உணர்ச்சி மரத்துவிடும். 'சூடேற்றும்', 'குளிரூட்டும்' வகைகளும் வறட்சி உள்ளவருக்கு ஆகா. அந்தச் சூடு கிளிசரினும் கிளைக்காலும் ஈரத்தோடு கலக்கும்போது பிறப்பது, அல்லது மிளகாயின் காரப்பொருளால் வருவது. குளிர்ச்சி புதினாவின் மென்தாலால் வருவது. ஏற்கெனவே மெலிந்துபோன தோலில் இரண்டுமே எரிச்சல்தான். ஸ்கேன் எடுக்கத் தடவும் ஜெல் வெளித்தோலுக்கானது, உள்ளே போகக் கூடாது. சோப்பு, ஷாம்பு, கற்றாழைப் பெயர் போட்ட முகப்பூச்சு ஜெல் எதுவும் வேண்டாம். எச்சில் சில விநாடிகளில் காய்ந்துவிடும். வாயிலுள்ள கிருமியையும் கொண்டுசெல்லும்.

சிலிகோன் சார்ந்தது தனி வகை. டைமெத்திகோன் என்ற பெயர் பெரும்பாலும் முதலில் இருக்கும். அதில் தண்ணீர் இல்லை, ஆகவே பி.எச்., செறிவு என்ற இரண்டு கேள்விகளும் எழாது. லேட்டக்ஸைக் கெடுக்காது; ஆணுறையில் ஏற்கெனவே தடவி வருவதும் பெரும்பாலும் சிலிகோன்தான். தோலில் உறிஞ்சப்படாது, காயாது. தண்ணீர் ஜெல் தடவிக் கால்மணி நேரத்தில் பிசுபிசுத்துப்போகிறது என்பவர்களுக்கும், எதைத் தடவினாலும் எரிகிறது என்பவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்போம். விலை கூடுதல், துணியில் கறை விழும், மிதமான சோப்புப் போட்டால்தான் வெளித்தோலிலிருந்து போகும். குளியலறைத் தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் கால் வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உடனே துடைத்துவிடுங்கள். சிலிகோனால் செய்த சாதனங்களின் மேல் இதைப் பூசினால் அவற்றின் மேற்பரப்பு கெடக்கூடும். அங்கே தண்ணீர் ஜெல்தான் சரி.

வாங்கியதும் அன்றே உள்ளே தடவ வேண்டாம். முழங்கையின் உட்பக்கம் சிறிது பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் அடுத்த நாள் யோனியின் வெளி உதட்டில் சிறிது. அதிலும் தொல்லை இல்லை என்றால் பயன்படுத்தலாம். அளவு அரை தேக்கரண்டியில் தொடங்கி ஒரு தேக்கரண்டி வரை, அதாவது இரண்டரை முதல் ஐந்து மில்லி. பலர் கடலை அளவு எடுத்துவிட்டு 'பயனில்லை' என்கிறார்கள். நகம் வெட்டிய சுத்தமான கையில் பிழிந்து, உள்ளங்கையில் சற்று வைத்துக் குளிர் போனதும், யோனி வாயிலின் கீழ்ப்பக்கம் நன்றாகப் பூசுங்கள்; உராய்வு அங்கேதான் அதிகம். விரல் நுழையும் அளவுக்கு உள்ளேயும் தடவுங்கள். கணவரும் பூசிக்கொள்ள வேண்டும். ஒருவர் பூசி மற்றவர் பூசாமல் விட்டால் தொடக்கத்திலேயே ஜெல் துடைபட்டுப் போகும். ஆணுறை என்றால், நுனிக்குள் ஒரே ஒரு சொட்டு, மாட்டிய பிறகு வெளியே தாராளமாக. ஆணுறைக்குள் அதிகம் ஊற்றினால் நழுவிக் கழன்றுவிடும்.

தண்ணீர் ஜெல் நடுவில் இழுபட ஆரம்பித்தால் ட்யூபைத் தேட வேண்டியதில்லை. சில சொட்டுச் சுத்தமான தண்ணீர் தெளித்தாலே வழவழப்பு திரும்பிவிடும். நீர் மட்டும் ஆவியாகியிருக்கும், கெட்டிப்படுத்தும் பொருள் அங்கேயே இருக்கும் என்பதுதான் காரணம். கட்டிலருகில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ட்யூபின் வாயை உடலுக்குள் விடக் கூடாது. முடிந்தபின் வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது நல்ல பாக்டீரியாவை அடித்துக்கொண்டுபோகும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் ட்யூபையும் ஆணுறையையும் போட்டுவைப்பது இரண்டையும் பாழாக்கும்.

குழந்தைக்காக முயல்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். 4.5 பி.எச். உள்ள ஜெல் விந்தணுவுக்கு ஒவ்வாது. அதற்கு 7-க்கு மேல் வேண்டும், செறிவும் உடல் நீருக்குச் சமமாக இருக்க வேண்டும். சாதாரண ஜெல்களில் பலவும், எச்சிலும், ஆலிவ் எண்ணெயும் விந்தணுவின் நீந்தும் வேகத்தைக் குறைப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. கருமுட்டை வெளியாகும் நாட்களில் கருத்தரிப்புக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்பதை மட்டும் பயன்படுத்துங்கள். இதைத் திருப்பிப் போட்டு, ஜெல் கருத்தடை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள், செய்யாது.

ஆசனவாய் உறவில் ஜெல் இல்லாமல் தொடங்கவே கூடாது. மலக்குடலின் உள்சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல். உறவுக்குப் போதுமான வழவழப்பும் அங்கே தானாகச் சுரக்காது. அங்கே சிலிகோன், அல்லது செறிவு குறைந்த கெட்டியான தண்ணீர் ஜெல், அதுவும் தாராளமாக. பி.எச். 5.5 முதல் 7 வரை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் ஆணுறையோடு ஜெல்லும் கொடுக்கச் சொல்லியிருப்பது இந்தக் காரணத்தால்தான். ஆணுறையை மட்டும் கொடுத்து ஜெல்லை விட்டுவிட்டால், வீட்டில் இருக்கும் எண்ணெயைத்தான் தேடுவார்கள்.

வறட்சி ஏன் வருகிறது என்பதையும் சொல்லாமல் முடியாது. கிளர்ச்சியின்போது யோனிச் சுவரில் ரத்த ஓட்டம் கூடி, அதிலிருந்து நீர் கசிந்து வருவதே இயல்பான ஈரம். சுவர் தடிப்பாக இருக்க ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் அது குறையும். மாதவிடாய் நின்றபின், சினைப்பை எடுத்தபின், மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல் சாப்பிடும்போது மிகவும் குறையும். சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும், மனச்சோர்வு மாத்திரைகளும் ஈரத்தைக் குறைக்கும். 'ஆசை இல்லை, அதனால்தான் வறண்டிருக்கிறாள்' என்று கணவர்கள் முடிவுகட்டுவது பெரும் அநியாயம். பால் கொடுக்கும் பெண்ணின் உடம்பில் நடப்பதற்கும் அவள் மனத்துக்கும் சம்பந்தமில்லை.

நாள் முழுவதும் வறட்சியாக, நடக்கும்போதே உராய்வாக இருப்பவருக்கு உறவின்போது தடவும் ஜெல் போதாது. பாலிகார்போஃபில் அல்லது ஹயலூரானிக் அமிலம் உள்ள யோனி மாய்ச்சரைசர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் குறையவில்லையென்றால் மருத்துவர் ஈஸ்ட்ரியால் கிரீம் எழுதித் தரலாம். அது ஹார்மோன் மருந்து. ஜெல்லுக்குப் பதிலாக உறவுக்குச் சற்று முன் பூசினால் கணவரின் தோலிலும் ஏறும். மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

திருமணமான புதிதில் எவ்வளவு ஜெல் தடவினாலும் உள்ளே போகவே முடியாமல் தசை இறுகிக்கொள்கிறது என்றால் வழவழப்பு அங்கே பிரச்சினையே இல்லை. வலுக்கட்டாயம் செய்யாமல் மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் போங்கள், பயிற்சியால் சரியாகக் கூடியது. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் தென்பட்டாலும், திரிந்த பால்போல வெள்ளைப்பட்டு அரித்தால், துர்நாற்றம் இருந்தால், அடிவயிற்றின் ஆழத்தில் வலித்தால், வெளியே வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஜெல் வாங்கிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம். உறவுக்குப் பின் வரும் ரத்தம் கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் வெளியிடும்போது, ஆணுறை பயன்படுத்துகிறீர்களா, குழந்தைக்காக முயல்கிறீர்களா, மாதவிடாய் நின்றுவிட்டதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லச் செய்யுங்கள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. ஜெல் தயாரிப்பவர்கள் பி.எச்., ஆஸ்மோலாலிட்டி இரண்டையும் அட்டையில் எண்ணாக, தமிழிலும் அச்சிட வேண்டும். மருந்துக்கடைக்காரர்கள் இதை ஆணுறை அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வாங்குபவர் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படிக்கும்படி முன்னால் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவம், பால்வினை நோய்ச் சிகிச்சை, மருந்தியல் துறைகளில் பணிபுரிவோர் சிலர்,
மதுரை.